பரிவு போதும், பலகை தருக!

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத் நகருக்குக் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி! அரங்குகள் எழட்டும், வாணவேடிக்கை விண்ணை எட்டட்டும், அமைச்சர் பெருமக்கள் மாலைகளும் சூடிக்கொள்ளட்டும். வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால், மாற்றுத் திறனாளிகளுக்கான பளுதூக்கும் போட்டி அங்கே நடைபெறும்போது, மேடையேற நம்மவர் எத்தனை பேர் இருப்பர்? ஆளவந்தார் இதை இன்றே எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இந்தப் போட்டியை இரக்கத்தோடு பார்ப்போர் அதன் இயல்பை அறியாதவர்களே! வீரர், நீண்டதொரு பலகையிலே மல்லாந்து படுக்கிறார். கால்களும் அப்பலகைமீதே கிடக்கும். தரையில் கால் ஊன்றி உந்துகிற துணை அவருக்கு இல்லை. கம்பியை மார்புவரை இறக்கி, அங்கே அசையாது நிறுத்தி, இரு கைகளும் சீராக நிமிரும்வரை உயர்த்தவேண்டும். நடுவர் மூவரில் இருவரேனும் வெள்ளை விளக்குக் காட்டினால்தான் அது கணக்கில் சேரும். ஈரான் நாட்டு சியாமந்த் ரஹ்மான் 2016இல் ரியோ நகரில் இப்படித் தூக்கியது 310 கிலோ! மூட்டைக்கு 75 கிலோ நெல் என்றால், நான்கு மூட்டைக்கும் மேல்! இந்தத் தோள்களுக்கா நமது அனுதாபம்?

நைஜீரியாவைப் பாருங்கள். இளம்பிள்ளை வாதம் பிள்ளைகளின் கால்களை முடக்கிய நாடு அது. முடங்கியவர்களை மூலையில் அமர்த்தி வைக்கவில்லை, மேடை ஏற்றிற்று. ரியோவில் அந்நாடு பெற்ற 8 தங்கத்தில் 6 பளுதூக்கலில் வந்தவை. பெண்களுக்கு இப்போட்டி திறந்துவிடப்பட்டதே 2000இல் சிட்னியில்தான். அங்கே களம் கண்ட லூசி எஜிகே, 16 ஆண்டுகள் கழித்து ரியோவிலும் தங்கம் வென்றார்.

நம்மிடம் வலிமை இல்லையா? இருக்கிறது! ராஜிந்தர் சிங் ரஹேலு 2004இல் ஏதென்சில் வெண்கலம் பெற்றார். சகீனா காத்தூன் 2014இல் கிளாஸ்கோவில் வெண்கலம் பெற்றார். சுதீர் 2022இல் பர்மிங்காமில் 212 கிலோ தூக்கித் தங்கமே பெற்றார். ஆயினும், 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் நாம் குவித்த 29 பதக்கங்களிலே பளுதூக்கலுக்கு ஒன்றுகூட இல்லை. ஏதென்ஸ் வெண்கலம் தனித்தே நிற்கிறது. தனிமனிதர் முயன்றனர், வென்றனர். அவர்களுக்குப் பின்னே ஓர் அணிவகுப்பை உண்டாக்க நாம் முயன்றோமா?

"இளம்பிள்ளை வாதந்தான் 2014இல் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதே, இனி வீரர்கள் எங்கிருந்து வருவர்?" என்பார் சிலர். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் இல்லையா? கட்டடச் சாரம் சரிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த தொழிலாளி இல்லையா? சாலை விபத்திலே கால் இழந்த இளைஞர் இல்லையா? 1964இல் டோக்கியோவில் பாராலிம்பிக் பளுதூக்கல் தொடங்கியதே தண்டுவடம் சிதைந்தவர்களுக்காகத்தானே!

காமன்வெல்த் மேடையிலே இவர்கள் வெல்லும் பதக்கம், மற்றவர் வெல்லும் பதக்கத்தோடு ஒரே கணக்கில் சேருகிறது. செலவைச் சுருக்கி 2026 கிளாஸ்கோ போட்டிகளைப் பத்தே விளையாட்டுகளோடு வகுத்தபோது ஹாக்கியும் மல்யுத்தமுங்கூட விடுபட்டன. இது விடுபடவில்லை! உலகம் சம ஆசனம் தருகிறது. உள்ளூர் உடற்பயிற்சிக் கூடமோ படிக்கட்டிலேயே தடுத்து நிறுத்துகிறது. படி கடந்து உள்ளே போனாலும், கால் நீட்டிப் படுக்கத்தக்க பலகை அங்கே இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 30ஆவது பிரிவிலே, விளையாட்டில் பங்கேற்கும் உரிமையை உறுதிசெய்யும் கடமையை அரசுகள்மீது சுமத்தியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. மாவட்டந்தோறும் விளையாட்டரங்கில் ஒரு சாய்தளம், விதிப்படி அமைந்த ஒரு பலகை, முறையறிந்த ஒரு பயிற்சியாளர். வாணவேடிக்கைச் செலவிலே ஒரு சிறு பங்கு இதற்குப் போதாதா?

வென்று வந்தபின் பரிசுப்பணம் அளிப்பது எளிது. வெல்வதற்கு வழி செய்வதே அரசின் கடன். 2030 நெடுந்தொலைவில் இல்லை. பலகையை இன்றே போடுக!