காலடி வைக்கும் முன்...

அன்புள்ள குட்டீஸ்,

விடுமுறை வந்தால், "இந்த முறை எங்கே போகலாம்?" என்ற பேச்சு எல்லார் வீட்டிலும் ஆரம்பித்துவிடும். இன்று நாம் ரொம்ப தூரத்தில் இருக்கும் ஓர் இடத்துக்குத் திட்டம் போடுவோமா? போகிறோமோ இல்லையோ, திட்டம் போட காசு வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் அட்லஸும் போதும்.

அட்லஸில் அமெரிக்காவின் பக்கத்தைத் திருப்புங்கள். மேற்குப் பகுதியில் 'யூட்டா' என்று ஒரு மாநிலம் இருக்கும். அதன் தென்பகுதியில் செம்பாறைப் பாலைவனம் பரந்து கிடக்கிறது. அங்கே சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் என்று நினைத்துவிடாதீர்கள்! ஆறும் மழையும் பனியும் பல லட்சம் ஆண்டுகளாகச் செதுக்கிய பள்ளத்தாக்குகள் அவை.

மேற்கிலிருந்து புறப்படுவோம். முதலில் சயான். வர்ஜின் என்ற ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. அங்கிருந்து கிழக்கே போக, மலையைக் குடைந்து 1.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். 1930ல் திறந்தது. அதைத் தாண்டி சுமார் 135 கிலோமீட்டர் போனால் பிரைஸ் கேன்யன். ஆயிரக்கணக்கான கல்தூண்கள் கூட்டமாக நிற்கும். பாறை இடுக்கில் புகும் தண்ணீர், இரவில் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிந்து பாறையைப் பிளக்கிறது. அப்படி உருவானவைதான் அந்தத் தூண்கள்.

அடுத்து 12ஆம் எண் நெடுஞ்சாலை. சுமார் 200 கிலோமீட்டர் நீளம். வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே கேப்பிட்டல் ரீஃப் போய்ச் சேரலாம். பழைய குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்கள் அங்கே இன்றும் உள்ளன. பழுக்கும் காலத்தில் தோட்டத்துக்குள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துச் சாப்பிடலாம். வீட்டுக்குக் கொண்டுபோனால் மட்டும் காசு! கடைசியில் 2,000க்கும் மேற்பட்ட இயற்கைக் கல்வளைவுகள் கொண்ட ஆர்ச்சஸ். அதன் பக்கத்திலேயே, கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் சங்கமிக்கும் கேன்யன்லேண்ட்ஸ்.

படிக்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? ஆனால் இடங்களை வரிசையாக எழுதிவிட்டால் திட்டம் முடிந்துவிடாது. இனிமேல்தான் ஆரம்பம்.

முதலில் தண்ணீர். பாலைவனத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் குடிநீர் வேண்டும். அடுத்து பெட்ரோல். அந்தப் பகுதியில் ஒரு நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்கும் கிடையாது, கடையும் கிடையாது. மூன்றாவது, வானிலை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். எங்கோ தூரத்தில் பெய்த மழை, குறுகலான பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாகப் பாய்ந்து வரும். 2015 செப்டம்பரில் சயானில் அப்படி வந்த வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அதனால், மழை வரும் என்று சொன்னால், எத்தனை ஆசையாக இருந்தாலும் அன்று உள்ளே இறங்கக்கூடாது.

இதுவரை எழுதியது நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. நம்மிடமிருந்து அந்த இடத்தைக் காப்பாற்ற என்ன எழுதப் போகிறோம்?

அந்தப் பாலைவனத்தில் பல இடங்களில் மண்ணின் மேல் கறுப்பாக, சொரசொரப்பாக ஒரு மேலோடு படிந்திருக்கும். பார்த்தால் வெறும் அழுக்கு போலத் தெரியும். ஆனால் அதற்கு உயிர் உண்டு! கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து உருவாக்கிய போர்வை அது. மணலைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்து வைப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் சத்துக் கொடுப்பதும் அதுதான். ஒரே ஒரு காலடி பட்டால் நொறுங்கிவிடும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நீங்கள் பத்து வயதில் தெரியாமல் மிதித்துவிட்டால், தாத்தா பாட்டி ஆகும் வரை அந்தக் காயம் ஆறாமலே இருக்கலாம். அதனால்தான், "பாதையை விட்டு விலகாதே" என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இன்னொரு சம்பவம். கேப்பிட்டல் ரீஃபிலிருந்து ஆர்ச்சஸ் போகும் வழியில் 'குட்டிச்சாத்தான் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் பெயரில் ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது. காளான் போன்ற கல் உருவங்கள் அங்கே நிறைய. 2013 அக்டோபரில், சாரணச் சிறுவர்களை அழைத்துவந்த பெரியவர்களில் ஒருவர் அப்படி ஒரு கல்லைத் தள்ளி உருட்டிவிட்டார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே அதை வீடியோ எடுத்தார். "சிறுவர்கள் மேல் விழுந்துவிடும் என்றுதான் தள்ளினோம்" என்றார்கள். பயமாக இருந்தால் பூங்கா அதிகாரியிடம் சொல்லியிருக்கலாமே! பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், தண்டனையும் கிடைத்தது. ஆனால் விழுந்த கல்லை எந்த நீதிமன்றத்தால் பழையபடி நிறுத்த முடியும்?

"எப்படியும் ஒருநாள் தானாக விழப்போவதுதானே?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆர்ச்சஸில் 'வால் ஆர்ச்' என்ற பெரிய வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் தானாகவே இடிந்தது. அது இயற்கையின் வேலை. எந்தக் கல் எப்போது விழ வேண்டும் என்பதை மழையும் காற்றும் முடிவு செய்யட்டும். நாம் தள்ளினால், இனிமேல் அதைப் பார்க்க வரவேண்டிய அத்தனை பேரிடமிருந்தும் அதைப் பறித்துவிடுகிறோம். அவர்களில் இன்னும் பிறக்காத குழந்தைகளும் உண்டு.

ஆகவே குட்டீஸ், திட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். 'பாதையை விட்டு விலகமாட்டேன். பாறையில் பெயர் செதுக்கமாட்டேன். ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரமாட்டேன்.' யூட்டாவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பக்கம் அப்படியே பயன்படும். பெரியவர்கள் மறந்தால், நீங்கள் நோட்டைக் காட்டுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்