அளவையியல் யாருக்கு உரியது?

அளவையியல் கலைப்பீடத்தார் பரீட்சைக்காக மனனஞ்செய்து மறந்துவிடும் பாடம். கணினியோ விஞ்ஞானபீடத்தாரின் தனியுடைமை. இவ்வாறு வேலியிட்டு உரைப்போர் பலர். உயர்தர வகுப்பிலே ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என இரண்டையும் ஒரே பெயரில் இணைத்துக் கற்பித்துவிட்டுப் பல்கலைக்கழக வாயிலில் அவற்றைப் பிரித்து வைப்பது விந்தையே.

கல்லடிப் பாலத்தை எண்ணிப் பார்க்க. 1924இல் மட்டக்களப்பு வாவியின் குறுக்கே எழுந்த பழைய பாலம் ஒரு வேளையில் ஒரு திசை வாகனங்களுக்கே இடங்கொடுத்தது. 2013இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை, இக்கரையார் வருகையில் அக்கரையார் காத்திருந்தனர். இருபுறத்தாரும் ஒருங்கே நுழைந்தால் எவரும் நகரார். ஒரே வேளையில் இயங்கிச் செய்தி பரிமாறும் செய்நிரல்களுக்கும் இவ்விடர் உண்டு. ஒன்று மற்றதன் விடையை நோக்கியிருக்க, மற்றதும் இதன் விடையை நோக்கியிருக்கும்.

இதற்கு மருந்து கண்டவர் யார்? 1987இல் நேரிய அளவையியலை வெளியிட்ட ழான்-ஈவ் ழிரார் கணினியைப் பழுதுபார்க்க வந்தவரல்லர். நிறுவலின் இயல்பை ஆராய்ந்த அளவையியலாளர். மரபுவழி அளவையியலில் ஓர் எடுகோளை எத்தனை முறையும் பயன்படுத்தலாம், பயன்படுத்தாதும் விடலாம். ழிரார் அதனைத் தோணித்துறையிற் கொடுத்த காசு போலக் கொண்டார். கரை சேர்ந்ததும் அது தீர்ந்தது. மறுமுறை கடக்க வேறு காசு வேண்டும். (பன்முறை பயன்படுவனவற்றுக்குத் தனிக்குறி வைத்தார்.)

1993இல் கோஹெய் ஹொண்டா, எது முதலில் அனுப்பும், எது பெறும் என்னும் உரையாடல் ஒழுங்கையே ஒரு வகையாக எழுதும் வழியைக் காட்டினார். அமர்வு வகை எனலாம். 2010இல் லூயிஸ் கைரெசும் ஃபிராங்க் ஃபென்னிங்கும் இவ்விரண்டையும் பொருத்தினர்: அமர்வு வகை நேரிய அளவையியலின் எடுப்பு; செய்நிரல் அதன் நிறுவல். 2012இல் பிலிப் வாட்லர் இப்பொருத்தத்தைச் சார்புமுறைச் செய்நிரல்மொழியொன்றுக்கு விரித்தார். அம்மொழியில் வகை பொருந்திய செய்நிரல் முடங்கி நில்லாது. இஃது ஓட்டிப் பார்த்து அறிந்ததன்று, நிறுவி அறிந்தது. செய்திகள் வளையமாகச் சுற்றும் இணைப்புகளை இம்முறை ஏற்பதில்லை, அவற்றுள் தீங்கற்றனவும் விலகிப்போகின்றன என்பது மெய்யே. அக்குறையைத் தீர்ப்பதும் அளவையியலாளர் பணியன்றோ?

தமிழ் இதற்கு ஈடுகொடாது என்பாரும் உளர். மணிமேகலையின் 29ஆம் காதை அனுமானத்தையும் அதன் போலிகளையும் வகுத்துரைப்பதை அவர் படித்ததில்லை போலும். 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியர், தமிழ்ப் பேராசிரியர், யாழ்நூலிற் கணிதத்தையும் இசையையும் ஒன்றாக ஆண்டவர். அவரை எந்தப் பீடத்தில் அடைப்பர்?

கலைப்பீட அளவையியற் பாடத்தில் ழிராரின் விதிகளைச் சேர்ப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கரும்பலகையும் வெண்கட்டியும் போதும்.