மூலிகைத் தீவனம்: கறிக்கோழி வளர்ப்போர் நிலைப்பாடு

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை நிறுத்தி மூலிகைச் சாற்றுக்கு மாறுவதை, தென்காசி வட்டாரக் கறிக்கோழி வளர்ப்போராகிய நாங்கள் கொள்கையளவில் வரவேற்கிறோம். 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு வந்த தடையும், 2025 ஏப்ரல் முதல் இறைச்சியில் எஞ்சும் மருந்துக்கான வரம்பு இறுகியதும் உறுப்பினர்கள் அறிந்தவை. வேறு மருந்து கேட்காத நோயாளிக்கென்று வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழி கொழுக்கப் போட்டது தவறு. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ஓமத்தின் தைமாலும் பூண்டின் அல்லிசினும் குடல் கிருமிகளை அடக்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மூலிகையின் வீரியம் மாறும். குருணையாக்கும் சூட்டில் வாசனை எண்ணெய் ஓரளவு ஆவியாகும். சத்தை அளந்து சொல்லாத பொடிக்குக் குற்றாலத்தின் பெயரை ஒட்டுவது சீசன் கடை வியாபாரம். காப்புக்காட்டில் திருட்டுத்தனமாகப் பறித்த சரக்கும் வேண்டாம்.

எங்கள் கேள்வி வேறு: மாற்றத்தின் செலவு யார் தலையில்? டென்மார்க்கில் கறிக்கோழி வளர்ப்போர் 1998இல் வளர்ச்சி ஆன்டிபயாடிக்கைத் தாங்களாகவே கைவிட்டார்கள். கோழிச் சாவு கூடவில்லை; ஒரு கிலோ எடைக்குத் தீவனம் சுமார் 16 கிராம்தான் கூடியது. மருந்து வாங்காத மிச்சம் அந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டியது. இதைக் காட்டித்தான் நட்டமே இல்லை என்கிறார்கள். அங்கே சரி. ஆனால் இங்கே ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்டும் உழைப்பும் நம்முடையவை. இரண்டு கிலோ எடையில் 5,000 கோழி பிடித்தால் அந்த 16 கிராம் 160 கிலோவாகும், அதாவது மூன்று மூட்டைக்கு மேல். எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவன அளவு) ஏறியது என்று அது வளர்ப்புக் கூலியில் கழியும். மருந்துச் செலவின் மிச்சமோ கம்பெனிக் கணக்கில் ஏறும். லாபம் அவர்களுக்கு, பழி நமக்கு என்றால் இதற்கு மூலிகை என்று பெயர் எதற்கு? மூலிகைத் தீவனம் தரும் பேட்ச்சுகளுக்கு எஃப்சிஆர் வரம்பை உரிய அளவில் தளர்த்த வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

பண்ணையாளரே தண்ணீரில் மருந்து கலக்கிறாரே என்ற ஆட்சேபத்தை மறுக்கவில்லை. கம்பெனி சூப்பர்வைசர் எழுதித் தந்ததைக் கலப்பது ஒன்று. கடையில் தானாக வாங்கி ஊற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்பவருக்காக நாங்கள் வாதாட மாட்டோம். ஆனால் எஞ்சிய மருந்தைத் தேடும் சோதனை இறைச்சியில் நடக்கிறது, மூட்டையில் அல்ல. புளியரை எல்லை தாண்டிக் கேரளம் போன கோழியில் ஏதேனும் அகப்பட்டால் விசாரணை ஷெட்டுக்குத்தான் வரும், தீவன ஆலைக்கு அல்ல. உள்ளே என்ன கலந்தது என்று ஒரு வரிகூட எழுதாத மூட்டையைப் பிரித்துப் போட்டவன் குற்றவாளி, கலந்தவன் சாட்சியா? சேர்மானம் அனைத்தும் அளவோடு மூட்டையில் தமிழில் அச்சிடப்பட வேண்டும். கால்நடைத் துறை ஆலையிலேயே மாதிரி எடுப்பதையும் இயன்றவரை விரைவில் எதிர்பார்க்கிறோம். அதுவரை, உறுப்பினர்களே, ஒவ்வொரு லோடிலும் ஒரு கிலோ தீவனத்தை எடுத்து, தேதியும் லாரி எண்ணும் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக் கட்டி வையுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் லோடை இறக்க வேண்டாம்.