பாட்டு இருக்கிறது, குரல் எங்கே?

ரமழான் மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் வானொலி பேசத் தொடங்கும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் கிராஅத்தும் மார்க்கச் சொற்பொழிவும் இடையிடையே இஸ்லாமிய கீதங்களும் போகும். உம்மா கஞ்சியை இறக்கி வைப்பார். தம்பி பேரீச்சம்பழங்களை எண்ணி எண்ணிப் பங்கு வைப்பான். உம்மாவின் உம்மாவான எங்கள் மூத்தம்மா பன்பாயில் அமர்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பார். நோன்பு திறக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது பெரும்பாலும் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் வரும்.

கிழக்குக் கரையில் வாழும் எங்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் உண்டு. கொழும்பைவிட இங்கே சூரியன் சில நிமிடங்கள் முந்தியே மறைந்துவிடும். ஆகவே வானொலியில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிடுவார்கள். உம்மா உடனே வானொலியை நிறுத்திவிடுவார். இதனால் சிறு வயது முதல் நான் கேட்டு வளர்ந்த நோன்புகாலப் பாட்டுகளில் ஒன்றின் முடிவு எனக்குத் தெரியாமலே இருந்தது.

சென்ற வருடம் அந்தப் பாட்டை யூடியூப்பில் தேடி எடுத்து முழுவதும் கேட்டேன். பாதி வரையில் மூத்தம்மா இருந்தார், கஞ்சியின் மணம் இருந்தது, பசியும் இருந்தது. நான் வழக்கமாகக் கேட்கும் இடம் தாண்டியதும் அது வெறும் பாட்டாகிவிட்டது. நல்ல பாட்டுத்தான். ஆனால் அந்தப் பகுதிக்குள் எங்கள் வீட்டார் ஒருவரும் இல்லை.

அன்றுதான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. ஒரு பாட்டு நமக்கு நினைவூட்டுவது அதைப் பாடியவரை அல்ல. அதை யாருடன் இருந்து கேட்டோமோ அவர்களைத்தான் அது கூட்டி வருகிறது.

இதை ஆய்வாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா என்பவர் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பழகிய பாட்டைக் கேட்டுத் தம் வாழ்வின் நிகழ்வொன்றை நினைவுகூர்பவர்களின் மூளையில், நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி இயங்குவதைக் கண்டார். அல்சைமர் எனும் மறதி நோயில் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடும்போது அந்தப் பகுதி பிந்தியே பாதிக்கப்படுகிறது. பெயர்களை மறந்தவர்கள்கூடப் பழைய பாட்டொன்றைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்பது அவரது கருத்து.

எங்கள் மூத்தம்மாவுக்கும் இப்போது மறதி. என்னை உம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தம்பியைப் பார்த்து "இது யார்ட புள்ள?" என்று கேட்கிறார். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இல்லை. ஆனால் வானொலியில் அந்தப் பாட்டுத் தொடங்கினால், "பாங்கு சொல்லப் போகுது புள்ள, கஞ்சிய எடுத்து வை" என்கிறார். நோன்பு இல்லாத நாளில் நான் தொலைபேசியில் அதைப் போட்டாலும் அதையேதான் சொல்கிறார். அவருடைய உள்ளத்தில் எங்கோ ஒரு வீடு இன்னும் நோன்பு திறக்கக் காத்திருக்கிறது. அந்த வீட்டின் கதவைத் திறக்க எங்களிடம் இருக்கும் திறப்பு அந்தப் பாட்டுத்தான்.

அதே பாட்டு வந்தால் உம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார். வேலை இருப்பதால் போகிறார் என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன். போன நோன்பில்தான் காரணத்தைக் கேட்டேன்.

எண்பதுகளில் மூத்தப்பா சவூதியில் வேலை செய்தார். எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கி எங்கள் பகுதியிலிருந்து எத்தனையோ பேர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அந்நாளில் தொலைபேசி அழைப்பு எல்லோருக்கும் எட்டும் பொருளல்ல. கடிதம் எழுதுவார்கள், அல்லது கஸெட்டில் பேசி, ஊருக்கு வருகின்ற ஒருவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். மூத்தப்பாவும் அப்படி அனுப்பினார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிச் சுகம் விசாரித்து, "உம்மாட சொல்லுக் கேட்டு நடங்க" என்று முடிப்பாராம்.

அவர் வாங்கி அனுப்பிய ரேடியோ கஸெட் வீட்டில் இருந்தது. உம்மாவுக்கு அப்போது பத்து வயது. ரமழானில் வானொலியில் வந்த பாட்டுகளைப் பதிவு செய்ய ஆசைப்பட்டு, கையில் அகப்பட்ட கஸெட்டைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதுதான் மூத்தப்பா பேசிய கஸெட். கஸெட்டின் மேல் விளிம்பில் உள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதில் மறுபடி பதிவு செய்ய முடியாது. அதை யாரும் உடைத்து வைத்திருக்கவில்லை. பழைய குரலை அழித்துக்கொண்டே புதிய பாட்டு அதன் மேல் ஏறியது.

மூத்தப்பா உயிரோடு இருந்த வரைக்கும் அது ஒரு சின்னக் குறும்பாகத்தான் இருந்தது. அவர் மௌத்தான பிறகுதான் அவருடைய குரல் வேறெங்கும் இல்லை என்பது தெரிய வந்தது. "அந்தப் பாட்டக் கேட்டா எனக்கு வாப்பாட சத்தம் வராம இருக்கிறது கேக்குது மகள்" என்று உம்மா சொன்னார். நான் மூத்தப்பாவைக் கண்டதில்லை. அவருடைய குரல் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால் உம்மாவாலும் சொல்ல முடியவில்லை.

ஒரே பாட்டு. மூத்தம்மாவுக்கு அது நிறைந்த வீடு. உம்மாவுக்கு ஆறாத ஒரு வருத்தம். எனக்கு முடிவு தெரியாத ஒரு மாலை நேரம்.

தோழியரே, இதிலிருந்து நான் சொல்ல வரும் கருத்து இதுதான். நாம் நேசிக்கும் புகழ்பெற்ற பாட்டுகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நாகூர் ஹனிபா 2015 இல் காலமானார். அவருடைய குரல் இசைத்தட்டிலும் கஸெட்டிலும் இருந்தது, இன்று இணையத்திலும் இருக்கிறது. நாம் ஒருவரும் எதுவும் செய்யாவிட்டாலும் அது இருக்கும். அந்தப் பாட்டு யாரை நமக்கு நினைவூட்டுகிறதோ அவர்களுடைய குரலுக்குத்தான் பாதுகாவலர் இல்லை. அதை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு எவரும் காப்பாற்றப் போவதில்லை.

எங்கள் மூத்தம்மார்கள் பாட்டைக் கேட்டவர்கள் மட்டுமல்லர், பாடியவர்களும்கூட. கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் கவி என்பது ஏட்டில் இருந்த ஒன்றல்ல. வயற்காவலில் இரவு விழித்திருந்தவர்கள் பாடினார்கள். பன்பாய் இழைத்த பெண்கள் பாடினார்கள். தொட்டிலடியில் தாலாட்டாக, கலியாண வீட்டில் குரவையோடு சேர்ந்த பாட்டாக அது வாழ்ந்தது. ரமழான் இரவுகளில் தாயிரா தட்டிப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பாவாமாரின் குரலை எங்கள் உம்மாமார் இன்னும் மறக்கவில்லை. இன்று எங்களை எழுப்புவது தொலைபேசியின் அலாரம். அதைக் கேட்டு யாருக்கும் யாருடைய ஞாபகமும் வராது.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் கிராமத்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் அச்சில் சொல் நிற்கும், ராகம் நிற்காது. ஒரு தாய் தாலாட்டின் எந்த இடத்தில் மூச்சு எடுத்தாள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினாள் என்பதைப் புத்தகத்தில் எழுத முடியாது. அதைக் குரலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு உரியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியிருக்கிறார்கள்.

இதை எழுதும்போது சிலர் கேட்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். முதலாவது, இசையே ஆகாது எனும்போது இது எதற்கு என்பது. நான் மார்க்கத் தீர்ப்பு வழங்கத் தகுதி உள்ளவள் அல்லள். இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பெருநாள் தினமொன்றில் ஆயிஷா (றழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடியதை அபூபக்ர் (றழி) அவர்கள் கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் படித்திருக்கிறோம். மேலும், தொட்டிலடியில் ஒரு தாய் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிப் பாடும் தாலாட்டில் எந்தக் கருவியும் இல்லை. அதைக் கேட்டுத்தான் எங்களில் பலர் முதன்முதலில் கலிமாவைக் கேட்டோம்.

இரண்டாவது கேள்வியை மூத்தம்மாவே கேட்டார். நான் தொலைபேசியை அருகில் வைத்தபோது, "பொம்புளைட சத்தம் ஊருக்குக் கேக்கப்படாது புள்ள" என்றார். இந்த அச்சத்தை நான் பழைமை என்று ஒதுக்க மாட்டேன். இன்று பதிவு செய்வதும் உலகுக்கு அனுப்புவதும் ஒரே விரலின் வேலையாகிவிட்டன. பாட்டியின் பாட்டை அவருக்குத் தெரியாமல் டிக்டொக்கில் போட்டு விருப்பம் சேர்ப்பது பாசமல்ல. அது அமானிதத்தை மீறுவது. பதிவு செய்யுங்கள், ஆனால் அது வீட்டுக்குள் இருக்கட்டும். வெளியே போகலாமா என்று சொல்லும் உரிமை பாடியவருக்கு உரியது. இந்த வாக்குறுதியைக் கொடுத்த பிறகே மூத்தம்மா சம்மதித்தார்.

மூன்றாவது, எல்லாப் பாட்டும் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறதே, பிறகென்ன குறை என்பது. பாட்டு இருக்கிறது, உண்மை. ஆனால் அதை நாம் எப்படிக் கேட்கிறோம்? ஒரே அறையில் நானும் தம்பியும் ஆளுக்கொரு இயர்போனுடன் இருக்கிறோம். அவன் கேட்பது எனக்குத் தெரியாது, நான் கேட்பது அவனுக்குத் தெரியாது. முப்பது வருடங்களுக்குப் பிறகு அந்தப் பாட்டு அவனுக்கு என்னை நினைவூட்டுமா? பாட்டு ஒரு வீட்டாரை ஒன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டுமானால், முதலில் அந்த வீட்டார் அதை ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டு வானொலி சில நாட்களில் கரகரக்கும். உம்மா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டும் எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஞாபகம்.

ஆகவே என் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வருகின்ற விடுமுறையில் உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த ஒருவரின் பக்கத்தில் அமருங்கள். அவருக்குப் பழக்கமான பழைய பாட்டு ஒன்றைப் போட்டு விடுங்கள். அது அவரைப் பேச வைக்கும். பேச்சு தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள். யாரிடம் அதைக் கற்றார், எப்போது பாடினார், அப்போது யார் யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். அவர் சம்மதத்துடன் பதிவு செய்யுங்கள். திகதியையும் பெயரையும் குறித்து, ஒன்றுக்கு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் குரலும் தொலைந்து போகக்கூடாது. எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் விரும்பினால், சம்மதம் கிடைத்த பாட்டுகளின் சொற்களை மட்டுமேனும் இந்தச் சஞ்சிகையில் வருடத்துக்கு ஒரு பக்கம் வெளியிடலாம்.

மூத்தம்மாவின் தாலாட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நான்கு நிமிடம்தான். நடுவில் ஒரு அடியை மறந்து நிற்கிறார். பின்னணியில் கோழி கத்துகிறது, தம்பி கதவைச் சாத்துகிறான். இதையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கித் தருவதாக ஒரு தோழி சொன்னாள். வேண்டாம் என்றேன்.

பதிவு செய்துகொண்டிருந்தபோது உம்மா குசினி வாசலில் வந்து நின்றார். மூத்தம்மா மறந்த அடியை அவர்தான் மெல்ல எடுத்துக் கொடுத்தார். அதுவும் பதிவாகியிருக்கிறது. முடிந்ததும் உம்மா என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்:

"இதுக்கு மேல ஒண்டையும் ஏத்திராத மகள்."