பட்டியலில் இல்லாத வெள்ளவத்தைக் கொலைகள்

ஊடகவியலாளர்களுக்கு எதிரான குற்றங்கள் தண்டிக்கப்படாமல் போகும் நிலைக்கு முடிவு கட்டுவதற்கான நாளாக நவம்பர் 2ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. 2013இல் அந்த நாளில் மாலி நாட்டில் பிரெஞ்சு வானொலிச் செய்தியாளர்கள் இருவர் கொல்லப்பட்டதே அதற்குக் காரணம். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், 1999ஆம் ஆண்டில் அதே திகதியில், தினமுரசு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் நடராஜா அற்புதராஜா கொழும்பு வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தாண்டுகள் கூட ஆகவில்லை. 2004 ஓகஸ்ட் 16ஆம் திகதி, அதே பத்திரிகையில் எழுதிவந்த பாலநடராஜ ஐயரும் அதே வெள்ளவத்தையில் கொல்லப்பட்டார்.

இந்த இரண்டு கொலைகளையும் எந்த அரசாங்கம் விசாரித்து முடித்தது? எந்தத் தமிழ்ப் பத்திரிகை அதை விடாமல் கேட்டது?

2024 ஒக்டோபரில், புதிய அரசாங்கம் பதவியேற்ற சில வாரங்களில், கிடப்பில் கிடந்த ஏழு வழக்குகளை மீண்டும் விசாரிக்குமாறு பொலிஸாருக்குப் பணிப்புரை வழங்கப்பட்டது. அந்தப் பட்டியலில் தராக்கி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராமின் கொலை இருந்தது. வரவேற்க வேண்டிய முடிவு அது. 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்கு அருகில் சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்தை அண்டிய உயர் பாதுகாப்புப் பகுதியில் அவருடைய சடலம் கிடந்தது. சந்தேகத்தின் பேரில் கைதானவரும் விடுவிக்கப்பட்டார். அந்தக் கோப்பு திறக்கப்படத்தான் வேண்டும். ஆனால் பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதியில் சற்றுத் தெற்கே போனால் வருகிற வெள்ளவத்தையின் இரண்டு கொலைகளுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

அற்புதராஜா பத்திரிகை ஆசிரியர் மட்டுமல்லர், ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. பாலநடராஜ ஐயர் அந்தக் கட்சியின் ஊடகப் பணியில் இருந்தவர். கட்சிக்காரர்களைப் பத்திரிகையாளர் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அளவுகோலை நீட்டினால் சிவராமும் தப்பமாட்டார். அவர் புளொட் இயக்கத்தில் இருந்தவர், அதன் அரசியல் கட்சிக்குச் செயலாளராகவும் இருந்தவர். அதனால் தராக்கியின் கட்டுரைகளை எவரும் பத்திரிகை எழுத்து அல்ல என்று சொல்லிவிடவில்லை. போர்க்காலத்தில் தமிழில் எழுதியவர்களில் எந்தப் பக்கமும் சாராமல் நின்றவர்கள் மிகச் சிலரே. அற்புதன் என்ற பெயரில் அற்புதராஜா தினமுரசில் எழுதிய 'அல்பிரட் துரையப்பா முதல் காமினி வரை' என்ற இயக்க வரலாற்றுத் தொடரை, அவருடைய கட்சியை அடியோடு வெறுத்தவர்களும் வாரந்தோறும் தேடிப் படித்தார்கள். அவர் எழுதியதில் பிழை இருந்தால் மறுத்து எழுதியிருக்கலாம். துப்பாக்கி மறுப்பு அல்ல.

2004 மே முதல் 2005 ஓகஸ்ட் வரையான 15 மாதங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் வீரகேசரிக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன், வெள்ளவத்தையில் பாலநடராஜ ஐயர், பிறகு சிவராம், பிறகு பம்பலப்பிட்டியில் கணவருடன் சேர்த்துக் கொல்லப்பட்ட ஒலிபரப்பாளர் ரேலங்கி செல்வராஜா. நால்வரும் தமிழில் இயங்கியவர்கள், நால்வரின் அரசியலும் ஒன்றல்ல. நடேசனும் சிவராமும் தமிழ்த் தேசியத்தின் பக்கம் நின்று எழுதினார்கள். மற்ற இருவரும் விடுதலைப் புலிகளை விமர்சித்தவர்கள். ஐயரின் கொலைக்கு அவருடைய கட்சி புலிகளையே குற்றம் சாட்டியது. நடேசனுக்கும் சிவராமுக்கும் ஆண்டுதோறும் நினைவேந்தல் நடக்கிறது, படத்துக்கு மாலை விழுகிறது, பத்திரிகைகள் கட்டுரை வெளியிடுகின்றன. மற்ற இருவருக்கும் அவர்களுடைய குடும்பங்கள்தான்.

இது தமிழ் ஊடகத்தின் நெறி சார்ந்த கேள்வி. அன்றைக்கு 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்ட செய்தியாசிரியர்களை இன்றைக்குக் குறை சொல்வது நியாயமாகாது. 2005 ஓகஸ்டில் சுடர் ஒளியின் கொழும்பு அலுவலகத்தில் குண்டு வீசப்பட்டுக் காவலாளி ஒருவர் உயிரிழந்தார். 2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009 பெப்ரவரியில் அந்தப் பத்திரிகைகளின் ஆசிரியர் ந.வித்தியாதரன் கல்கிசையில் ஒரு மரணவீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் இரவுப் பதிப்பை முடித்து வீடு திரும்பிய ஊழியர்களுக்கு, வழியில் வருவது எந்த வாகனம் என்பதே பெரிய கவலையாக இருந்த காலம் அது. அந்த அச்சம் உண்மையானது. ஆனால் போர் முடிந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் மௌனம் தொடர்ந்தால், அதற்கு அச்சத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. தன் பக்கத்துப் பிணத்துக்கு மட்டும் நீதி கேட்கும் பத்திரிகையின் குரலை, மறுபக்கத்தான் நம்ப மாட்டான். அரசாங்கமோ அதைச் சாக்காக வைத்து எல்லோரையும் தட்டிக்கழிக்கும்.

அரசு தட்டிக்கழிப்பதில் தேர்ந்தது. 1990இல் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ் அதிகாரிகள் 2005இல் விடுதலையானார்கள். 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்கவின் வழக்கில் சந்தேகநபர்கள் மூவரை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் 2025 தொடக்கத்தில் எழுதினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. உலகறிந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியரின் வழக்குக்கே இந்தக் கதி.

ஆனால் எழுதியவரைத் தண்டிப்பதென்றால் அரசுக்கு வேகம் வந்துவிடுகிறது. 2008 மார்ச்சில் கைதான ஜே.எஸ்.திசைநாயகத்துக்கு, கட்டுரைகள் எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்டிலேயே 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் பொதுமன்னிப்பில்தான் அவர் மீண்டார். 1979இல் தற்காலிகமானது என்று கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் நிழல் இன்னும் விலகவில்லை. 2025 ஓகஸ்டில், செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வைப் படம்பிடித்துவந்த முல்லைத்தீவு ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணனைப் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் அழைத்து மணிக்கணக்கில் விசாரித்தார்கள். மாற்றம் தருவதாகச் சொல்லி வந்த ஆட்சியில்தான் இது நடந்தது.

இலங்கைச் சட்டத்தில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. மற்றக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு 20 ஆண்டுகள் கடந்தால் வழக்குத் தொடர முடியாது. சாட்சிகள் முதுமையடைகிறார்கள், இறக்கிறார்கள், புலம்பெயர்கிறார்கள். ஆகவே ஏழு வழக்குகளின் பட்டியலை அரசாங்கம் விரிக்க வேண்டும். கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ஒவ்வொருவரின் கோப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். கொன்றவர்கள் அரச தரப்பா, புலிகளா, வேறு இயக்கமா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். விசாரிப்பதா வேண்டாமா என்பதற்கு அது அளவுகோலாகக் கூடாது.

தமிழ்ப் பத்திரிகைகள் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. வெள்ளவத்தைக் கொலைகள் இரண்டும் இப்போது எந்தப் பிரிவின் பொறுப்பில் உள்ளன, கடைசியாக எப்போது நீதிமன்றத்துக்கு அறிக்கை போனது என்று கேட்டு, கொழும்பின் ஆசிரியர் பீடங்கள் கூட்டாக ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அதிகாரியின் கடமை. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் ஆணைக்குழுவுக்கும் போகலாம். கிடைக்கும் பதிலை, அது மறுப்பாகவே இருந்தாலும், எல்லாப் பத்திரிகைகளும் ஒரே நாளில் முதற்பக்கத்தில் வெளியிட வேண்டும்.