துண்டுச் சீட்டும் தொலைபேசிக் கடனும்

மலைநாட்டுத் தோட்டங்களில் முன்னாளில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு. அதனைச் செலுத்துவோர்க்கு அவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே அது. கணக்கு எழுதியவன் ஒருவன். கடன் சுமந்தவன் மற்றொருவன். 1921ஆம் ஆண்டில் சட்டம் அதனை ஒழித்தது.

ஒழிந்த பேய் இன்று கைத்தொலைபேசியில் குடியேறிவிட்டதோ என ஐயுறுகிறேன். ராகலையில் அடையாள அட்டையின் பிரதியைக் கேட்காத கருமபீடம் ஏது? அப்பிரதி தீயோர் கையில் சிக்கினால், நம் பெயரில் இணையவழிக் கடன் பெற முயல்வர். தவணை கேட்டு மிரட்டல் வரும். கணக்கைத் திறந்து பார்ப்போமெனில், கடவுச்சொல் கள்வனிடம் இருக்கும்.

பழைய அட்டையின் இலக்கத்தை நோக்குங்கள். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் 500 கூட்டியிருக்கும். ஆகவே அது பெயர்ப்பலகையேயன்றிப் பூட்டன்று. பூட்டல்லாததைப் பூட்டென நம்பிக் கடன் கொடுத்தவரே இழப்பையும் ஏற்றல் வேண்டும். கடன் பெற்றவர் இன்னாரென மெய்ப்பிப்பது கொடுத்தவரின் கடமை. பெறவில்லையென மெய்ப்பிக்கக் கொழுந்து பறிப்பவளை அலைக்கழித்தல் அறமாகாது.

அதுவரை நாம் விழித்திருப்போம். பிரதியின் குறுக்கே காரணமும் திகதியும் எழுதிக் கொடுங்கள். தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர்க்கும் உரையாதீர். வாங்காத கடனுக்கு அஞ்சி ஒரு சதமும் கட்டாதீர். எழுத்தில் மறுத்து, பொலிஸில் முறையிடுங்கள். கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள்.

பிறர் எழுதிய கணக்கைக் கேள்வியின்றிச் சுமந்த காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும்.