இறக்கத்தில் இழுத்துவிட நேரமில்லை... மலை சைக்கிளுக்கு ஜெர்சி எடுக்கும் பெண்கள் கவனத்துக்கு!

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் மண்பாதை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஏழெட்டு சைக்கிள்கள் வரிசையாக இறங்குகின்றன. கடைசிக்கு முந்தைய சைக்கிளில் வரும் பெண் நன்றாகவே ஓட்டுகிறார். ஆனால், இருபது முப்பது அடிக்கு ஒருமுறை அவருடைய ஒரு கை ஹேண்டில்பாரை விட்டுப் பின்னால் போகிறது. முதுகில் ஏறிக்கொண்டே இருக்கும் டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுத் திரும்புகிறது. பின்னால் வருகிறவர் என்ன பார்க்கிறாரோ என்ற கூச்சம்.

இப்படிப்பட்ட பாதையில் இரண்டு கைகளின் விரல்களும் பிரேக்கின் மேலேயே இருக்க வேண்டும். ஒரு கை துணியில் இருக்கும் அந்த ஒரு நொடியில் முன்சக்கரம் கல்லில் ஏறினால் போதும், ஹேண்டில் திரும்பிவிடும். சிராய்ப்போடு போனால் அதிர்ஷ்டம். மணிக்கட்டில் மாவுக்கட்டு என்றால் ஒன்றரை மாதம் அடுப்படி, ஆபீஸ் எல்லாமே தகராறுதான். ஹெல்மெட்டுக்கும் டயருக்கும் ஆயிரம் விசாரிக்கிறவர்கள், மேலே போடும் சட்டையை மட்டும் 'இருக்கிறதைப் போட்டுக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். பெண்கள் விஷயத்தில் அந்த அலட்சியத்துக்கு விலை கொஞ்சம் அதிகம்.

''இதைப் போட்டுக்கிட்டா ரோட்டுல போகப்போற?''

சைக்கிள் ஜெர்சி என்றதும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. கேட்பவர் அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், சில வீடுகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனே கேட்பான். அவர்கள் மனதில் இருப்பது டி.வி-யில் பார்த்த, உடம்போடு ஒட்டிய பளபள ஜெர்சி. அது தார்ச்சாலைப் பந்தயத்துக்கானது. காற்று தடுக்கக் கூடாது என்பதற்காக அப்படி இறுக்கமாகத் தைக்கிறார்கள். முதுகில் மூன்று பாக்கெட், இடுப்பில் நழுவாமல் பிடிக்க சிலிக்கான் பட்டை என்று அதன் இலக்கணமே வேறு.

மலை சைக்கிள் ஜெர்சி அப்படி இல்லை. தொளதொளவென்று, கிட்டத்தட்ட ஒரு நல்ல டி-ஷர்ட் மாதிரியே இருக்கும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி மலைகளில், பழைய கனமான சைக்கிள்களைச் சரிக்கட்டி மண்பாதையில் இறங்கிய இளைஞர் கூட்டம்தான் இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தது. 1976-ல் அவர்கள் நடத்திய 'ரீபேக்' பந்தயம் பேர்பெற்றது. அன்றைக்கு அவர்கள் உடம்பில் இருந்தது ஜீன்ஸும் கட்டம்போட்ட முழுக்கைச் சட்டையும். அந்தக் கூட்டத்தில் கேமராவும் சைக்கிளுமாக வெண்டி கிராக் என்ற பெண்ணும் இருந்தார். அந்த நாள்களின் படங்கள் பல அவர் எடுத்தவை. தொளதொளச் சட்டைக்கு இந்த விளையாட்டில் ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு. ஆக, மலை சைக்கிள் ஓட்டும் பெண் இறுக்கமான உடை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. வீட்டில் கேள்வி எழுந்தால் இதையே பதிலாகச் சொல்லலாம்.

உடை ஒரு பெண்ணை சைக்கிளிலிருந்து இறக்கிவிடும் என்பது புதிய செய்தியும் அல்ல. 1894-ல் பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி, நீளப் பாவாடையோடுதான் புறப்பட்டார். வழியில் அது சரிப்படாது என்று புரிந்து, கால்சட்டை மாதிரியான உடைக்கு மாறினார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அவர்கள் சேலையிலேயே ஓட்டினார்கள். குழந்தையை உட்கார வைக்க வசதி என்று, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. சமதளத்தில் அது சரி. மலை இறக்கத்தில் சேலைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் இடமே இல்லை. சக்கரக் கம்பியில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

சரி, கடைக்குப் போவோம். முதலில் துணி.

வீட்டில் போடும் காட்டன் டி-ஷர்ட் உடம்புக்கு இதமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், பருத்தி நூல் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவிகிதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் பிடிப்பது வெறும் 0.4 சதவிகிதம். இது மலையில்தான் பெரிய வித்தியாசமாகத் தெரியும். ஏற்றத்தில் அரை மணி நேரம் மிதித்தால் முதுகு முழுக்க வியர்வை. உச்சியில் இரண்டு நிமிடம் நின்று போட்டோ எடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தால், எதிர்க்காற்று அந்த ஈரத்தில் மோதும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் புல் மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் ஈரமான காட்டனோடு இறங்கினால் விரல்கள் விறைத்து பிரேக்கைக்கூட அழுத்த முடியாது. ஜெர்சியில் நின்றுவிடாமல், மடித்துப் பைக்குள் வைக்க மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்றும் எடுத்துக்கொள்வது நல்லது.

பாலியஸ்டர் ஜெர்சி வியர்வையை உறிஞ்சாது. நூல் இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக அதை வெளிப்பக்கம் பரப்பிவிடும், காற்றில் அது உலரும். சென்னை, தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊர்களில் மட்டும் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். காற்றிலேயே ஈரம் இருந்தால் வியர்வை எங்கே போய் உலரும்? அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் அக்குளிலும் முதுகிலும் வலைத்துணி வைத்த ஜெர்சியாகப் பார்த்து எடுக்கலாம். 120 முதல் 150 ஜி.எஸ்.எம் வரை உள்ள துணி நம் வெயிலுக்குச் சுமை இல்லாமல் இருக்கும். அதைவிட மெல்லியதாக எடுத்தால் வியர்வையில் உள்ளாடை தெரியும், புதரில் உரசினால் கிழியும்.

மெரினோ என்ற மெல்லிய கம்பளித் துணியிலும் ஜெர்சி உண்டு. ஒருநாள் வியர்த்தாலும் நாற்றம் அவ்வளவாக அடிக்காது, குளிருக்கும் நல்லது. விலையும் துவைக்கும் பக்குவமும்தான் இடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு அது அவசியமில்லை.

அடுத்தது அளவு. இங்கேதான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'லேடீஸ்' என்று ஒட்டி விற்கப்படும் ஜெர்சிகளில் சில, ஆண்கள் ஜெர்சியையே சின்னதாக்கி, ரோஸ் கலர் அடித்தவை. தோள் அகலமாகத் தொங்கும், இடுப்பில் பிடிக்கும். பெண்களுக்கென்றே வெட்டிய ஜெர்சியில் தோள் குறுகி, மார்பில் கூடுதல் இடம் விட்டு, இடுப்பில் கொஞ்சம் விரிந்து வரும். சுற்றளவை டேப்பால் அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். 'நான் எப்பவும் எம் சைஸ்' என்பது இங்கே செல்லாது. மார்புக்கு ஒரு சைஸும் இடுப்புக்கு இன்னொரு சைஸும் வந்தால், இடுப்பு சொல்லும் சைஸையே எடுக்கலாம். மேலே கொஞ்சம் லூஸாக இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. இடுப்பில் பிடித்தால்தான் துணி மேலே ஏறும். கோத்தகிரி இறக்கத்தில் அந்தப் பெண் இழுத்துக்கொண்டே வந்தது இதனால்தான்.

டிரையல் ரூமில் எல்லோரும் நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்க்கிறார்கள். சைக்கிளில் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள்? ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். கீழ்முதுகு தெரிகிறதா? மலை ஜெர்சிகளில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாக இறங்கியிருக்கும். அது இல்லாத ஜெர்சியை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு கழுத்து. 'வி' கழுத்து நிற்கும்போது அழகாக இருக்கும், குனிந்தால் முன்பக்கம் தொங்கித் திறந்துகொள்ளும். கூட வந்தவரை எதிரே நிற்கவைத்துக் கேட்டுவிடுவது உத்தமம். முழங்கைகளை வெளியே விரித்துப் பார்க்கும்போது அக்குளில் இழுக்கக் கூடாது. ஆன்லைனில் வாங்கியவர்கள் லேபிளைக் கிழிக்காமல், சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஏறி உட்கார்ந்தே சோதித்துவிடலாம். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

லூஸ் நல்லது என்பதற்காகக் கூடாரம் மாதிரி எடுத்துவிடவும் கூடாது. செங்குத்தான இறக்கத்தில் உடம்பை சீட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். திரும்ப முன்னால் வரும்போது தொங்கும் துணி சீட்டின் மூக்கில் மாட்டிக்கொண்டால் ஆள் நிலைதடுமாறிவிடுவார். தொடையின் மேல்பாகம் வரை நீளம் போதும்.

தையலைத் தொட்டுப் பார்ப்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெர்சியை உள்பக்கம் திருப்பி, தையல்மேல் விரலை ஓட்ட வேண்டும். மேடாக, கயிறு மாதிரி தட்டுப்பட்டால் அது ஓவர்லாக். தட்டையாகப் படிந்திருந்தால் ஃபிளாட்லாக். மூன்று மணி நேரம் முதுகில் தண்ணீர்ப் பையைச் சுமக்கும்போது, தோள்பட்டைக்கு அடியில் வரும் அந்தக் கயிறுதான் தோலைக் கிழிக்கும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் 'ராக்லன்' கை வைத்த ஜெர்சியில் தோளின் உச்சியில் தையலே இருக்காது. பை மாட்டுகிறவர்களுக்கு அதுதான் சுகம்.

தாலிக்கொடி, கழுத்துச் சங்கிலி விஷயமும் இருக்கிறது. இறக்கத்தில் சங்கிலி வெளியே தொங்கி ஆடினால் ஹேண்டில் வரை வந்து மாட்டும். ஜெர்சிக்குள் விட்டு, ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் அடக்கிவிடுவது நல்லது. கழுத்தில் ஜிப் வைத்த ஜெர்சி எடுப்பவர்கள், ஜிப்பின் மேல்முனையை மூடும் சின்னத் துணி மடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியும் மாட்டும், தோலும் மாட்டும். ஸ்போர்ட்ஸ் பிரா சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து எடுத்த ஜெர்சியும் வீண் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்கும்போது தாங்க வேண்டியது அதுதான். உள்ளே அது காட்டனாக இருந்தால், மேலே போட்ட பாலியஸ்டருக்கு வேலையே இல்லை.

கை நீளம் அவரவர் விருப்பம். முக்கால் கை ஜெர்சிக்கு மலைப்பாதையில் நல்ல மவுசு. வெயில், முள், லேசான சிராய்ப்பு மூன்றையும் தடுக்கும், முழங்கைப் பாதுகாப்புக் கவசமும் உள்ளே அடங்கும். மழைக்காலத்தில் சோலைக்காட்டு ஓரமாகப் போகிறவர்களுக்கு அட்டைப்பூச்சிக்குப் பயந்து முழுக்கையே தேவலாம். லேபிளில் 'யு.பி.எஃப் 50' என்று போட்டிருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும் என்று அர்த்தம். மலையில் குளிர்வதால் வெயில் உறைக்காது, ஆனால் உயரம் கூடக் கூட அந்தக் கதிர் கூடும். சாயங்காலம் கண்ணாடி பார்க்கும்போதுதான் கறுத்தது தெரியும்.

இனி ஸ்டைல். 'பெண்களுக்கு' என்றாலே பூவும் வண்ணத்துப்பூச்சியும்தான் என்ற காலம் மலையேறிவிட்டது. பாலியஸ்டரில் சப்ளிமேஷன் முறையில் அச்சடிக்கும்போது, சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. கையில் தடவினால் பிரின்ட் இருப்பதே தெரியாது, உரியாது, காற்றோட்டத்தையும் அடைக்காது. பத்துப் பேர் சேர்ந்த குழு என்றால், தாங்களே டிசைன் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளலாம். நெஞ்சில் பெரிய ரப்பர் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிய பிரின்ட் மட்டும் வேண்டாம், அந்த இடம் வேர்த்துக் கொட்டும்.

நிறத்தில் ஒரே ஒரு பிடிவாதம் வேண்டும். தேயிலைப் பச்சைக்கு நடுவே பச்சை ஜெர்சி போட்டு வந்தால் கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆரஞ்சு, கிளிமஞ்சள், அடர் ரோஸ் எல்லாம் தூரத்திலிருந்தே பளிச்சிடும். வெள்ளை நனைந்தால் கண்ணாடி. வெளிர் சாம்பல் நிறமோ ஒவ்வொரு துளி வியர்வையையும் ஊருக்குக் காட்டும். மாதவிடாய் நாள்களிலும் ஓட்டுகிறவர்களுக்கு, பின்பக்கம் நீண்ட ஜெர்சியும் அடர்நிறக் கால்சட்டையும் தரும் நிம்மதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பட்ஜெட் இடித்தால் மூன்று சுமார் ஜெர்சிக்குப் பதில் ஒரே ஒரு நல்ல ஜெர்சி போதும். ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் போகிறவர்கள், ஏற்றுமதியில் மிஞ்சிய விளையாட்டு டி-ஷர்ட்டுகளிலும் தேடிப் பார்க்கலாம். துணி, தையல், குனிந்து பார்ப்பது மூன்றிலும் தேறினால் அதில் சைக்கிள் படம் போட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

துவைக்கும்போது சேற்றை ஈரத்தில் தேய்த்தால் உள்ளே இறங்கும். காயவிட்டு, உதறி, பிறகு குளிர்ந்த நீரில் உள்பக்கம் திருப்பித் துவைக்கலாம். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் மட்டும் வேண்டாம். அது நூல் மேல் மெழுகு மாதிரிப் படிந்து, வியர்வை போகும் வழியை அடைத்துவிடும். நாற்றம் போகவில்லை என்றால் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகாமல், நிழலில் உலர்த்தினால் நிறமும் நிற்கும்.

முதுகில் ஏறி ஏறி வந்த அந்தப் பழைய காட்டன் டி-ஷர்ட்டைத் தூக்கிப்போட வேண்டாம். நாலாகக் கிழித்து வைத்துக்கொண்டால், செயின் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது.